‘உள்ளேயிருந்து வெளியே அடி’ன்னு சொல்றவங்களுக்கு

1/
நீளமான இழை. கோல்ஃப் பத்தி. ஆமாங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டர் கோல்ஃப் பத்தி எழுதறேன். சிரிச்சு முடிச்சுட்டு வாங்க.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஓரகடம் பக்கம் வேலை பார்க்கிற உங்க நண்பர் யாராவது புதுசா கோல்ஃப் பழகிட்டு இருந்தா, இதை அவருக்கு அனுப்புங்க. ஒரு விலா எலும்பு மிச்சமாகும்.

2/
கொஞ்ச நாள் முன்னாடி ஓபியில் ஒரு தம்பி. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) முப்பதைத் தொடாத வயசு, ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. இடது பக்க விலாவில் மூணு வாரமா வலி. இருமினா குத்துது, புரண்டு படுத்தா குத்துது.

ஒரு இடத்தில் ஈசிஜி எடுத்திருக்காங்க, நார்மல். இன்னொரு இடத்தில் கேஸ்னு மாத்திரை. எக்ஸ்ரேயும் நார்மல். அவங்க அப்பாவுக்கு ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்திருக்கு. தம்பிக்குத் தூக்கமே போச்சு.

3/
“சமீபத்துல புதுசா ஏதாவது ஆரம்பிச்சீங்களா தம்பி? ஜிம், வெயிட்டு தூக்கறது?”

“ஜிம் இல்ல டாக்டர். கோல்ஃப் பழகறேன்.”

“எத்தனை பால் அடிப்பீங்க?”

“ஞாயித்துக்கிழமை ஒரு முந்நூறு. ரெண்டு மாசமா.”

முதுகுப் பக்கமா, அக்குளுக்குக் கீழே, அஞ்சாவது விலா மேல விரலை வச்சு அழுத்தினேன். ஆள் நாற்காலியை விட்டே எழுந்துட்டார்.

4/
விலா எலும்பில் அழுத்த முறிவு. அதாவது ஒரே அடியில் உடையறது இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய மயிரிழை மாதிரி விடற விரிசல். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமப் போறது சகஜம்.

1996-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை இப்படிப்பட்ட 19 கோல்ஃப் ஆட்டக்காரர்களைப் பத்திப் பேசுது. பெரும்பாலும் முன்கைப் பக்கம், அதாவது வலதுகை ஆட்டக்காரருக்கு இடது பக்கம். அதிகமா அடிபடறது 4-லிருந்து 6 வரைக்குமான விலா. புதுசா ஆரம்பிச்சவங்கதான் இதில் மாட்டறாங்க. தசை தயாராகறதுக்கு முன்னாடியே பால் எண்ணிக்கை ஏறிடுது.

(நெஞ்சு நடுவில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல், கை அல்லது தாடைக்குப் பரவற வலின்னா கோல்ஃபாவது விலாவாவதுன்னு யோசிக்காதீங்க. உடனே 108.)

5/
எதுக்குத் தம்பி முந்நூறுன்னு கேட்டேன்.

“எல்லா பாலும் வலது பக்கம் வளைஞ்சு போகுது டாக்டர். அவுட்-டு-இன்னாம். அடுத்த மாசம் வெளிநாட்டுல இருந்து பெரிய சார் வர்றார். அவர்கூட ஆடப் போகணும். அதுக்குள்ள சரி பண்ணணும்.”

யார் என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேட்டேன். மூணு விஷயம்: “உள்ளேயிருந்து வெளியே அடி.” “தலையைத் தூக்காதே.” “இன்னும் நூறு பால் போடு.”

இந்த மூணு அட்வைஸுக்கு எதிராகத்தான் இந்த இழை.

6/
கோல்ஃப் தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு விளக்கம். பந்திலிருந்து இலக்கு நோக்கி ஒரு கோடு இருக்குன்னு வச்சுக்குங்க. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘அவுட்’, உங்க கால் இருக்கிற பக்கம் ‘இன்’. கிளப் அந்தப் பக்கத்திலிருந்து வந்து பந்தைக் குறுக்கே வெட்டிக்கிட்டு கால் பக்கமா இழுபட்டா அது அவுட்-டு-இன் ஸ்விங். பந்து சாதாரணமா இடது பக்கமா கிளம்பி வலது பக்கமா வளையும். அதுதான் ஸ்லைஸ். வேகப்பந்து வீச்சாளர் பந்து மேல விரலைக் குறுக்கே இழுத்து கட்டர் போடற மாதிரி, கிளப் பந்தைக் குறுக்கே உரசுது.

(வலதுகை ஆட்டக்காரரை வச்சு எழுதறேன். இடதுகைக்காரங்க எல்லாத்தையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாத்திக்குங்க.)

7/
எனக்கு என்ன தகுதி? வெறும் எம்பிபிஎஸ். எலும்பு ஸ்பெஷலிஸ்ட் இல்லை, கோல்ஃப் கோச் இல்லை. ரெண்டு வருஷமா வாரம் ஒரு தடவை வலைக்குள்ள பந்து அடிக்கிற ஆள், அவ்வளவுதான். எனக்கும் இதே ஸ்லைஸ் இருந்தது.

காரணம் டென்னிஸ் பால் கிரிக்கெட். ஆஃப் சைடில் போடற பந்தை மிட்விக்கெட்டுக்கு மேல தூக்கியே வளர்ந்த கை இது. நம்ம ஊர்ல கோல்ஃபுக்கு வர்ற பாதிப் பேர் கிரிக்கெட் கையோடதான் வர்றாங்க. குறுக்கே இழுத்து அடிக்கிறது நம்ம ரத்தத்தில் இருக்கு. அது குற்றம் இல்லை, பழக்கம்.

8/
இப்போ ஒரு கேள்வி. இந்தப் பக்கத்தில் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வர ஆரம்பிச்சது. 2010-இல் ஓரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. அதுங்களைச் சுத்தி நூத்துக்கணக்கில் உதிரிபாகக் கம்பெனிகள். இங்கே வேலை பார்க்கிற எந்தக் குவாலிட்டி ஆளுக்கும் ‘ஃபைவ் ஒய்’ தெரியும். ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனா, ‘ஏன்?’னு அஞ்சு தடவை கேட்டு மூல காரணத்துக்குப் போகணும்.

‘ஆபரேட்டர் சரியாப் பண்ணல’ன்னு எழுதி ரிப்போர்ட்டை மூடினா கஸ்டமர் மூஞ்சியில விட்டெறிவான். தெரியும்தானே?

அப்புறம் ஏன் ஸ்லைஸ் போச்சுன்னா மட்டும் ‘நான் சரியா அடிக்கல’ன்னு எழுதி மூடறீங்க?

9/
முதல் ஏன்: பந்து ஏன் வலது பக்கம் வளையுது?

ஏன்னா பந்தைத் தொடற அந்தக் கணத்தில் கிளப்பின் முகம், கிளப் போற பாதையை விட வலது பக்கம் திறந்து இருக்கு.

ரொம்பக் காலமா எல்லாரும் நம்பினது வேற: பந்து ஸ்விங் பாதையில் கிளம்பும், அப்புறம் முகம் பார்க்கிற திசைக்கு வளையும்னு. ரேடார் வச்சு அளக்கிற டிராக்மேன் மாதிரிக் கருவிகள் வந்த பிறகு அது தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. பந்து கிளம்பற திசையில் முக்கால் பங்குக்கு மேல தீர்மானிக்கிறது கிளப்பின் முகம். வளைவைத் தீர்மானிக்கிறது முகத்துக்கும் பாதைக்கும் நடுவில் இருக்கிற கோணம்.

இதை மனசுல வச்சுக்கிட்டு மேல வாங்க.

10/
ரெண்டாவது ஏன்: முகம் ஏன் திறந்திருக்கு?

பெரும்பாலான புது ஆட்களுக்குப் பதில் பிடியில் இருக்கு. இடது கையால் கிளப்பைப் பிடிச்சுட்டு நிமிராமல் கீழே பாருங்க. அந்தக் கையில் ரெண்டு முட்டியாவது தெரியணும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற மடிப்பு உங்க வலது தோள் பக்கம் காட்டணும். ஒரு முட்டிதான் தெரியுது, மடிப்பு தாடையைக் காட்டுதுன்னா, நீங்க எவ்வளவு அழகா சுத்தினாலும் முகம் திறந்துதான் வரும்.

கிரிக்கெட் பேட்டை உள்ளங்கையில் பிடிப்போம். கோல்ஃப் கிளப்பை இடது கை விரல்களில் பிடிக்கணும். ஒரே ஒரு நிமிஷ வேலை. முந்நூறு பால் தேவையில்லை.

11/
மூணாவது ஏன்: பாதை ஏன் அவுட்-டு-இன் ஆச்சு?

இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்லை. முகம் திறந்திருக்கிறதால பந்து வலது பக்கம் போகுது. மூளை முட்டாள் இல்லை. ‘வலது பக்கம் போகுதா? அப்போ இடது பக்கம் இழு’ங்குது. நீங்க யோசிக்காமலே தோள் இடது பக்கம் திரும்பி நிக்குது, கை இடது பக்கமா இழுக்குது. பாதை இன்னும் இடது பக்கம் போச்சுன்னா, முகத்துக்கும் பாதைக்கும் இடைவெளி இன்னும் அதிகம். வளைவும் அதிகம். மூளை இன்னும் இடது பக்கம் இழுக்கும்.

ஆக, அவுட்-டு-இன்ங்கறது பல பேருக்கு நோய் இல்லை. நோய்க்கு உடம்பு காட்டற எதிர்வினை. காய்ச்சல் மாதிரி.

12/
இப்போ சொல்லுங்க, ‘உள்ளேயிருந்து வெளியே அடி’ங்கற அட்வைஸ் என்ன செய்யும்?

பிடியைத் தொடாமல் பாதையை மட்டும் வலது பக்கம் திருப்பினா, முகமும் கூடவே வலது பக்கம் திரும்பும். முன்னாடி இடது பக்கமா கிளம்பி நடுவுக்கு வந்த பந்து, இப்போ நேரா வலது பக்கமா கிளம்பி, இன்னும் வலது பக்கம் வளைஞ்சு காணாமல் போகும். உடனே ஆள் என்ன பண்ணுவார்? மணிக்கட்டை வெடுக்குன்னு திருப்புவார், இல்லை உடம்பைப் பின்னாடி சாய்ச்சு விலாவை மடக்கி அடிப்பார்.

நம்ம தம்பி செஞ்சது ரெண்டாவது. ஞாயித்துக்கிழமைக்கு முந்நூறு தடவை.

காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் ஆன்டிபயாடிக் எழுதறவங்களை நாம திட்டறோம். இதுவும் அதேதான்.

13/
நாலாவது ஏன்: பிடியைச் சரி பண்ணியும் குறுக்கேதான் வருது. ஏன்?

அடிக்கறதுக்கு முன்னாடியே பாதை கோணலாகியிருக்கான்னு பாருங்க. தரையில் ஒரு குச்சியை இலக்கு நோக்கி வைங்க. கால் மட்டும் இல்லை, தோளும் அதுக்கு இணையா இருக்கான்னு நண்பரைப் பார்க்கச் சொல்லுங்க. பெரும்பாலும் கால் நேரா இருக்கும், தோள் இடது பக்கம் திரும்பியிருக்கும்.

அடுத்து பந்து வச்சிருக்கிற இடம். டிரைவருக்கு இடது குதிகாலுக்கு நேர். அதுக்கும் முன்னாடி வச்சா, எட்டறதுக்காகத் தோள் திறக்கும். தோள் திறந்தா பாதை இடது பக்கம். இது ஃபிக்ஸ்சர் தப்பு. ஆபரேட்டர் தப்பு இல்லை.

14/
நிற்கிறதும் சரி, பிடியும் சரின்னா கடைசியா வரிசை. கிளப் மேலே போனதும் முதல்ல நகர வேண்டியது எது? எடை இடது காலுக்கு மாறணும், இடுப்பு திரும்பணும், அப்புறம் மார்பு, அப்புறம் கை, கடைசியா கிளப். புது ஆட்கள் மேலே போனதும் வலது தோளை முன்னாடி வீசுவாங்க. கிளப் அந்த நிமிஷமே வெளிப்பக்கம் தள்ளப்படுது.

இதுக்கு வைத்தியம்: ரெண்டு காலையும் சேர்த்து வச்சு, இடுப்பளவுக்கு அரை ஸ்விங். மேலே ஒரு கணம் நில்லுங்க. முதுகு இலக்கைப் பார்த்தபடியே இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், கை தானா கீழே விழட்டும். தோளால் வேகமா அடிக்க முயற்சி பண்ணினா விழுந்துடுவீங்க. காலைச் சேர்த்து வைக்கச் சொல்றதே அதுக்குத்தான்.

15/
கம்பெனிக்காரங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு: ‘போக்கா-யோக்கே’. தப்பு பண்ணவே முடியாதபடி வேலையை அமைக்கிறது.

ஒரு துண்டைச் சுருட்டிக்குங்க. பந்துக்கு அரை அடி பின்னால், பந்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம், கிளப் தலை தாராளமாகப் போற இடைவெளி விட்டு வைங்க. வெளியிலிருந்து வந்தா துண்டில் இடிக்கும். யாரும் திட்ட வேண்டாம், துண்டு சொல்லிடும். மரக்கட்டை, டப்பா வேண்டாம், மணிக்கட்டு போயிடும்.

வலைக்குள்ள பழகறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். வலையில் பந்து வளையறது தெரியாது. பலன் தெரியாமல் முந்நூறு தடவை ஒரே தப்பைப் பண்ணினா அது பயிற்சி இல்லை, அந்தத் தப்பை மனப்பாடம் பண்றது.

16/
இன்னொரு சின்ன பரிசோதனை. கிளப் முகத்தில் கொஞ்சம் முகப் பவுடர் தடவி அடிங்க. அச்சு எங்கே விழுதுன்னு தெரியும். டிரைவரில் உங்க கால் பக்கமா, கிளப்பின் குதிகால் பகுதியில் விழுந்தா, அதுவே தனியா ஸ்லைஸ் கொடுக்கும். அப்போ பாதையைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பந்துக்கு எவ்வளவு தூரத்தில் நிக்கறீங்கன்னு பாருங்க.

பவுடர் விலை உங்களுக்கே தெரியும். தம்பி இஎம்ஐயில் வாங்கின டிரைவர் விலையை நான் சொல்லல.

17/
அஞ்சாவது ஏன்: எல்லாம் தெரிஞ்சும் தோளால் ஏன் வீசறோம்?

ஏன்னா தூரம் போகணும். ஏன்னா பக்கத்தில் பெரிய சார் நிக்கறார். ஏன்னா மானம் போகக் கூடாது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருது. இந்தப் பக்கத்தில் சில பேருக்கு கோல்ஃப் விளையாட்டு இல்லை, அறிவிக்கப்படாத இன்டர்வியூ. வேலை நேரத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்னுட்டு, ஞாயித்துக்கிழமை விலா உடைய உடைய இன்டர்வியூவுக்குத் தயாராகறாங்க. ‘வா தம்பி, சும்மா நடக்கலாம்’னு சொல்ற மேலதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அவனுக்கு அது சும்மா இல்லை. அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.

18/
“டாக்டர், கோச்சுங்க பத்து வருஷமாச் சொல்லித் தர்றாங்க. உங்களுக்கு என்ன தெரியும்?”

நல்ல கோச்சை நான் கும்பிடறேன். நல்ல கோச் உங்க ஸ்விங்கைப் பார்க்கறதுக்கு முன்னாடி பிடியைப் பார்ப்பார், ‘எங்கேயாவது வலி இருக்கா’ன்னு கேப்பார். முப்பது பால் போதும்னு நிறுத்துவார். நான் சண்டை போடறது அவர்கிட்ட இல்லை. பக்கத்து மேட்டில் நின்னுட்டு இலவசமா ‘தலையைத் தூக்காதே’ங்கற அங்கிள்கிட்ட. முப்பது செகண்ட் வீடியோவில் மொத்த ஸ்விங்கையும் மாத்தறேன்னு சொல்றவங்ககிட்ட.

தலையை ஆணி அடிச்ச மாதிரி வச்சா மார்பு திரும்பாது. மார்பு திரும்பலன்னா கைதான் குறுக்கே இழுக்கும். அந்த அட்வைஸே அவுட்-டு-இன்னை வளர்க்குது.

19/
இன்னொண்ணு. எல்லா அவுட்-டு-இன்னும் நோய் இல்லை. பிபி 124 இருந்தா மாத்திரை எழுத மாட்டோம் இல்லையா, அதுபோல. லேசா குறுக்கே வந்து, லேசா வலது பக்கம் வளையற பந்துக்கு ‘ஃபேட்’னு பேர். லீ ட்ரெவினோ அதை வச்சே பெரிய பெரிய பட்டங்களை ஜெயிச்சார். ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங்கைப் பார்த்தா நம்ம அங்கிள் மயக்கம் போட்டு விழுவார். அவர் 2003-இல் யு.எஸ். ஓப்பன் ஜெயிச்சார், 2016-இல் ஒரு பிஜிஏ டூர் சுற்றை 58-இல் முடிச்சார்.

நம்ம பக்கத்து பெங்களூருவில் கேடியாக மத்தவங்க பையைத் தூக்கி ஆரம்பிச்ச சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் ஜெயிச்சார். அழகான ஸ்விங் வேணும்னு யாரும் உங்களைக் கேக்கல. பந்து எங்கே போகும்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும்.

20/
டாக்டராக என் சீட்டு, புது ஆட்களுக்கு:

முதல் ரெண்டு மாசம் ஒரு நாளைக்கு 50 பாலுக்கு மேல வேண்டாம், அதில் பாதி அரை ஸ்விங். வாரத்துக்கு ரெண்டு மூணு நாளாகப் பிரிங்க. ஒரே ஞாயித்துக்கிழமையில் கொட்டாதீங்க. முதல்ல அஞ்சு நிமிஷம் நடந்து, இடுப்பையும் தோளையும் சுத்தி உடம்பைச் சூடாக்குங்க. டிரைவரைக் கடைசியா எடுங்க, 7 அயர்னில் ஆரம்பிங்க.

வலி வந்தா நிறுத்துங்க. வலி ஊசி போட்டுட்டு ஆடாதீங்க. வலிங்கறது உடம்பு இழுக்கிற ஆண்டான் கயிறு. லைனை நிறுத்தச் சொல்லுது.

21/
“ஓபியில் முந்நூறு பேர் நிக்கறாங்க, உங்களுக்குப் பணக்காரன் விளையாட்டு கேக்குதா?”ன்னு ஒருத்தர் கேப்பார். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் வர்றேன்.

முழங்கையின் உள்பக்க எலும்பில் தசைநார் ஒட்டற இடத்தில் வர்ற வலிக்கு மருத்துவப் புத்தகத்தில் செல்லப் பேர் ‘கோல்ஃபர்ஸ் எல்போ’. என் ஓபியில் அந்த வலியோட வர்றவங்களில் பெரும்பாலோர் கோல்ஃப் கிளப்பைத் தொட்டதே இல்லை. ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான ஸ்க்ரூ முடுக்கற கான்ட்ராக்ட் பையன். பெட்டி தூக்கற அண்ணன். நாள் பூரா ஒயரை இறுக்கற அக்கா.

22/
அதே வாரம் அப்படி ஒரு பையன் வந்தான். துப்பாக்கி மாதிரிப் பிடி இருக்கிற டூல். அதைச் செங்குத்தான பரப்பில் பிடிச்சா மணிக்கட்டு நேரா இருக்கும். அவனுக்குக் கிடைச்ச வேலை மேஜை மேல, கீழ்நோக்கி முடுக்கறது. ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு வளைஞ்சு, முழங்கை தூக்கி. நேர்ப்பிடி டூல் கொடுத்தாலோ மேஜை உயரத்தை மாத்தினாலோ பாதி வலி போயிடும்.

சூப்பர்வைசர் என்ன சொன்னாராம்? “உனக்குக் கையில் பலம் இல்லடா.”

அஞ்சு ஏன்ல ஒரு ஏன் கூட யாரும் கேக்கல.

23/
கோல்ஃப் ஆடறவருக்கு முழங்கை வலிச்சா கோச் வர்றார், வீடியோ எடுக்கறார், கிரிப் சைஸ் மாத்தறார், ஸ்விங்கைச் சரி பண்றார். லைனில் நிக்கறவனுக்கு வலிச்சா டைக்ளோஃபெனாக் ஊசி, ரெண்டு நாள் லீவு, திரும்ப அதே டூல். அந்த ஊசியைப் போட்டது நானும்தான். அதனால என்னையும் சேர்த்துத்தான் திட்டறேன்.

இப்பல்லாம் சீட்டில் ஒரு வரி கூடுதலா எழுதறேன்: ‘மணிக்கட்டு நேராக இருக்கும்படி டூல் அல்லது மேஜை உயரம் மாற்றவும்.’ சில இடத்தில் மாத்தறாங்க. சில இடத்தில் சீட்டை மடிச்சு வச்சுடறாங்க. ஆனாலும் எழுதறேன்.

24/
தம்பி என்ன ஆனார்? ஆறு வாரம் கிளப்பைத் தொடக் கூடாதுன்னு சொன்னேன். பெரிய சார் வந்துட்டுப் போயிட்டார். இவர் போகல. வேலையும் போகல.

ஏழாவது வாரம் வந்தார். விலாவை அழுத்தினேன், சிரிச்சார். பிடியை அங்கேயே ஓபியில், என் பேனாவை வச்சு மாத்திக் காட்டினேன். வெளியே நின்ன பாட்டி ‘டாக்டர் என்ன பண்றாரு?’ன்னு நர்ஸைக் கேட்டாங்க.

போன வாரம் ஒரு மெசேஜ்: “20 பால், 7 அயர்ன், அரை ஸ்விங். 14 நேரா போச்சு டாக்டர்.”

பதிலுக்கு ஒண்ணு கேட்டேன்: “உங்க லைன்ல கை வலிக்குதுன்னு யாராவது சொன்னா, ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க தம்பி?”

“ஏன்னு அஞ்சு தடவை கேக்கறேன் டாக்டர்”னு வந்தது. பார்க்கலாம்.

25/
பழகறவங்களுக்கு அனுப்புங்க. லைன் லீடர், சூப்பர்வைசர் நண்பர்களுக்கும் அனுப்புங்க. விலாவிலோ முழங்கையிலோ ரெண்டு வாரத்துக்கு மேல வலி இருந்தா பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. வெட்கப்படாம என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. கோல்ஃபுன்னா கோல்ஃபுன்னே சொல்லுங்க, நாங்க சிரிக்க மாட்டோம்.